இல்லாத ஆளின் வருமானச் சான்று

தமாகியைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடும். பாதி அவள் மேல், பாதி நகராட்சி மேல். எது முதலில் வரும் என்பது அன்றைக்கு என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

என் பெயர் கினுகோ. துறைமுகத்துக்குப் பின்தெருவில் நானும் என் வீட்டுக்காரர் தோகுஜியும் டப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறோம். உருளைக்கிழங்கு கட்லெட், வறுத்த கானாங்கெளுத்தி, பூசணிக் கூட்டு, ஓரத்தில் கொஞ்சம் முள்ளங்கி ஊறுகாய். படகுப் பட்டறைக்காரர்கள் மத்தியானம் வாசலில் வரிசை கட்டுவார்கள். தமாகி எங்களிடம் வேலை பார்க்கிறாள். முப்பது தாண்டியவள், பார்த்தால் கல்லூரிப் பெண் மாதிரி இருப்பாள். ஒரு வேலை கொடுத்தால் அதை நாம் மறந்துபோன பிறகும் செய்துகொண்டிருப்பாள். வாயைத் திறந்தால் "மன்னிச்சிருங்க"தான். வாடிக்கையாளர் அவள் காலை மிதித்தாலும் அவள்தான் மன்னிப்புக் கேட்பாள்.

"மிதிச்சது அவன்டி! நீ எதுக்குக் குனியுற?" என்று பல்லைக் கடிப்பேன்.

"கால அங்க வச்சது நான்தானேக்கா" என்பாள். இப்படிப்பட்டவளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய!

அவளுடைய புருஷன் குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவன். இவள் ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தபோது, "நான் கொஞ்சம் யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு ஒசாகாவுக்குப் போனான். விவாகரத்துத் தாள் தபாலில் வந்தது. அதிலே தன் பெயரை எழுதி, கையெழுத்துக்குப் பதிலாகத் தன் முத்திரையைக் குத்தி அனுப்பியிருந்தான், அந்த வேலையை மட்டும் சுத்தமாகச் செய்தான். பிள்ளைக்கு என்று ஒரு யென் இன்றுவரை வரவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான் போல. நாசமாய்ப் போகிறவன்.

பிறந்தது பெண், பேர் நாகி. இது நடந்தபோது அதற்கு இரண்டு வயது நிறையவில்லை. கன்னம் இரண்டும் பன்னு மாதிரி இருக்கும். காலையில் அதைக் காப்பகத்தில் விட்டுவிட்டு தமாகி கடைக்கு வருவாள், சாயங்காலம் போய் அழைத்துக்கொள்வாள். எங்கள் ஊரில் மூன்று வயது ஆகிவிட்டால் காப்பகத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். அதுவரைக்கும் வீட்டு வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் போடுவார்கள். தனியாகப் பிள்ளை வளர்க்கிறவள், சம்பளமும் சொற்பம் என்றால், ஏறக்குறைய முழுவதையும் நகராட்சியே ஏற்றுக்கொள்ளும். தமாகிக்கு அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. அந்த உதவி இருப்பதால் பிள்ளை காப்பகத்தில், பிள்ளை காப்பகத்தில் இருப்பதால் இவள் கடையில், இவள் கடையில் இருப்பதால் இரண்டு பேருக்கும் சோறு. அதில் ஓர் ஆணியைப் பிடுங்கினால் மொத்தமும் சரிந்துவிடும்.

அந்த ஆணியைத்தான் போன வருஷம் பிடுங்கப் பார்த்தார்கள். அதுவும் எதை வைத்து? என் வீட்டுக்காரருடைய அண்டிராயரை வைத்து.

நடந்தது இதுதான். தமாகி குடியிருப்பது ஒரு பழைய அடுக்குவீட்டில், தரைத்தளத்தில். வேலிக்கு அந்தப் பக்கம் ரயில் தண்டவாளம், ராத்திரி ஆள் நடமாட்டம் இருக்காது. வசந்த காலத்தில் ஒருநாள் கொடியில் காயப்போட்ட அவளுடைய உள்ளாடைகள் காணாமல் போயின. அடுத்த வாரமும் போயின. மூன்றாவது தடவை யாரோ கதவுப் பிடியைத் திருகிப் பார்த்த சத்தம் கேட்டிருக்கிறது. அப்போதும் போலீசுக்குப் போக மாட்டேன் என்றாள். "அவங்களுக்கு எத்தனையோ வேலை இருக்கும்க்கா." நான்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

போலீஸ்காரர் நல்ல மனிதர்தான். வந்து தாழ்ப்பாளைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "தனியா இருக்கிற பொம்பளைங்க வீடுன்னு வெளிய தெரியக்கூடாதும்மா. ஆம்பளைத் துணி ரெண்டு கொடியில கிடக்கட்டும். வாசல்ல ஒரு ஜோடி பெரிய செருப்போ பூட்ஸோ போட்டு வைங்க. உள்ள நுழையறப்போ ஆள் இருக்கிற மாதிரி சத்தமா 'வந்துட்டோம்'னு சொல்லுங்க" என்றார். எங்கள் பக்கம் தனியாக இருக்கிற பெண்கள் எல்லோரும் செய்கிறதுதான். என் தங்கைகூடச் செய்திருக்கிறாள்.

உடனே வீட்டுக்கு வந்து அலமாரியைக் குடைந்தேன். தோகுஜியின் பழைய அண்டிராயர் இரண்டு, பனியன், வேலைக்குப் போடுகிற கால்சட்டை, மீன் சந்தைக்குப் போட்டுப் போகிற ரப்பர் பூட்ஸ்.

"ஏய், அந்த அண்டிராயர் நல்லாத்தானே இருக்கு?" என்றார் அவர்.

"உங்களுக்கு நல்லா இருக்கு. திருடனுக்குப் பயமா இருக்கும். அதான் வேணும்."

சரி, ஒரு சாதாரணப் பெண்ணாக இருந்தால் என்ன செய்வாள்? அதைக் கொடியில் மாட்டிவிட்டு மறந்துபோவாள். வெயிலிலும் மழையிலும் கிடந்து வெளுத்து, பார்க்கிறவனுக்கே 'இது சும்மா மாட்டினது' என்று புரிந்துவிடும். இவள்தான் தமாகி ஆயிற்றே! தினமும் அவற்றைத் துவைத்திருக்கிறாள். யாரும் போடாத துணியை! சாயங்காலம் எடுத்து மடித்து வைத்து, மறுநாள் வேறொன்றை மாட்டியிருக்கிறாள். மழை வந்தால் ஓடிவந்து எடுத்திருக்கிறாள். பூட்ஸை வாரம் ஒருமுறை கழுவி, ஒருநாள் வாசலின் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் என்று மாற்றி வைத்திருக்கிறாள். ஒருநாள் என்னிடம் வந்து, தயங்கித் தயங்கி, "அக்கா, குளிர்காலத் துணி ஏதாவது இருக்குமா? இந்தக் குளிருல அரைக்கை பனியன் மட்டும் காயுறது இயற்கையா இல்ல" என்றாள். பொய்யைக்கூட நேர்மையாகச் செய்கிறவளை அன்றைக்குத்தான் பார்த்தேன். கம்பளி உள்சட்டை இரண்டைக் கொடுத்தும் அனுப்பினேன்.

திருடன் வரவில்லை. நகராட்சி வந்தது.

குழந்தைகள் நலப் பிரிவிலிருந்து கடைக்குப் போன் செய்து அவளை வரச் சொன்னார்கள்.  தனியாகப் போனால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாதா? கேட்டதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள். கட்லெட்டை வீட்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சமையல் மேலங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு நானும் கிளம்பினேன்.

அங்கே குசுமோதோ என்றொரு பையன். பையன் என்றால் முப்பது இருக்கும், ஆனால் பேச்செல்லாம் அறுபது. கோபமே வராது. கோபம் வருகிறவனோடு சண்டை போடலாம், மரியாதையாகப் பேசிக்கொண்டே கழுத்தை அறுக்கிறவனை என்ன செய்வது?

"சிரமத்துக்கு மன்னிக்கணும்" என்று ஆரம்பித்தான். "உங்க வீட்டுல ஓர் ஆண் வசிக்கிறதா எங்களுக்குத் தகவல் வந்திருக்கு."

"யாரு சொன்னது?" என்றேன் நான்.

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லீங்கம்மா. ஆனா தகவல் ரொம்ப விவரமா இருக்கு. துணி தினமும் மாறுது. மழைன்னா எடுக்கிறாங்க. குளிர் வந்ததும் கம்பளிச் சட்டை வந்திருக்கு. பூட்ஸ் ஒரே இடத்துல இருக்கிறதில்ல." கண்ணாடியைச் சரிசெய்துகொண்டான். "ஆள் புழங்குற வீடுன்னு எங்களுக்குத் தெளிவாத் தெரியுது."

தலையில் அடித்துக்கொண்டேன். தமாகி, "மன்னிச்சிருங்க" என்றாள்.

"வாயை மூடுடி!" என்றேன். "இந்தாப்பா, அது போலீஸ்காரர் மாட்டச் சொல்லி மாட்டினது. திருட்டுப் பயம்."

"போலீஸ் வேற துறைங்கம்மா."

"இருக்கட்டுமே, அவங்களும் இதே ஊருதானே!"

அவன் அதற்கும் தலை குனிந்து வணங்கினான். பிறகு விதியை விளக்கினான். கல்யாணப் பதிவு என்று ஒன்று இல்லாவிட்டாலும், ஆண் ஒருவன் சேர்ந்து வாழ்ந்தால் அது கல்யாணம் மாதிரிதானாம். அப்போது அவனுடைய சம்பளத்தையும் சேர்த்துத்தான் காப்பகக் கட்டணம் போடுவார்களாம். ஆகவே மாதக் கடைசிக்குள் அந்த ஆளுடைய வருமானச் சான்றைக் கொண்டுவர வேண்டுமாம். கொண்டுவராவிட்டால் வருமானம் தெரியாத குடும்பம் என்று எடுத்துக்கொண்டு, இருப்பதிலேயே உயர்ந்த கட்டணத்தைப் போட்டுவிடுவார்களாம்.

"எந்த ஆளுடைய வருமானச் சான்று?" என்று கேட்டேன்.

"வீட்டுல இருக்கிறவருடையது."

"அப்படி யாரும் இல்லைங்கிறேன்."

"அப்படின்னா, இல்லைங்கிறதுக்கு ஏதாவது ஆதாரம்..."

"ஏம்பா, இருக்கிறவனுக்கு ஆதாரம் கேட்டா கொண்டாந்து நிறுத்தலாம். இல்லாதவனை எங்க போய்ப் பிடிச்சுட்டு வர? எங்க வீட்டுலகூடத்தான் ஒரு யானை இல்ல. அதுக்கும் ஆதாரம் வேணுமா?"

என் குரல் எனக்கே கேட்டது. பக்கத்து மேஜைகளில் எல்லாம் பேனா நின்றுவிட்டது. தமாகி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த உயர்ந்த கட்டணம் அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல். கட்ட முடியாது. கட்ட முடியாவிட்டால் நாகியைக் காப்பகத்திலிருந்து எடுக்க வேண்டும். ஒருமுறை எடுத்தால் அந்த இடத்துக்கு வரிசையில் எத்தனையோ பேர் நிற்கிறார்கள், திரும்பக் கிடைக்காது. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்க நான் விட மாட்டேன், அவளும் நிற்க மாட்டாள். இதெல்லாம் அவளுக்கு அந்த நிமிஷமே கணக்காகிவிட்டது. என் முழங்கையில் அவள் பிடி இறுகியதிலேயே தெரிந்தது. என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

எழுந்து நின்று சொன்னேன்: "அந்த அண்டிராயர் என் புருஷனுடையது!"

 குசுமோதோவின் முகம் மாறியது. நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, மிக மிக மெதுவாகக் கேட்டான்.

"அம்மா... இது உங்களுக்கு எப்போ தெரியவந்தது?"

எனக்கு முதலில் புரியவில்லை. பக்கத்து மேஜைப் பெண் ஒரு கோப்பைத் தேநீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு, என் தோளைத் தொட்டபோதுதான் புரிந்தது. குசுமோதோ ஒரு போன் நம்பர் எழுதின துண்டுச்சீட்டை என் பக்கம் நகர்த்தினான். குடும்பப் பிரச்சினைகளுக்கு ஆலோசனை சொல்லும் நம்பராம். செவ்வாய்க்கிழமைகளில் இலவசமாம்.

"அடப்பாவி!" என்று கத்தினேன். "நான்தான்டா கொடுத்தேன்! என் கையால மடிச்சுக் கொடுத்தேன்!"

அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. இப்போது அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் போய் வேறென்னவோ வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் தோகுஜி வாணலியை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். அறுபத்து மூன்று வயதில் தனக்கு இப்படி ஒரு கௌரவம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லையாம். மறுநாள் அவர் நேரில் வந்து எழுதிக்கொடுக்க வேண்டும் என்று போன் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஜப்பான் தேசத்தில் முத்திரை குத்தாமல் ஒருவன் தும்மக்கூட முடியாது. தாடியை மழித்து, கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, முத்திரையை எடுத்துக்கொண்டு போனார். குசுமோதோ சொல்லச் சொல்ல எழுதினார்: "மேற்படி உள்ளாடைகள் என்னுடையவை. ஆனால் அவை மேற்படி வீட்டில் இருந்த சமயத்தில் நான் அவற்றுக்குள் இருந்ததில்லை."

"இதுல எங்க முத்திரை குத்தணும்?" என்று கேட்டாராம். "உள்ளாடைங்கிற வார்த்தைக்குப் பக்கத்துலயா?"

குசுமோதோ சிரிக்கவில்லையாம்.

அதோடு முடியவில்லை. இன்னும் ஒரு கட்டம் இருந்தது. வட்டாரத்து நலப் பொறுப்பாளர் என்று ஒருவர் நேரில் வந்து வீட்டைப் பார்த்து, ஆண் யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்துக்கு தெராவோகா பெரியவர். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட வாத்தியார், சம்பளம் இல்லாத பதவி, மாட்டேன் என்று சொல்லத் தெரியாததால் தலையில் கட்டப்பட்டவர். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். நானும் போய் உட்கார்ந்துகொண்டேன். பூட்ஸை ஒளித்து வைத்துவிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அது பொய்யாயிடும்க்கா" என்றாள் தமாகி.

"இவ்வளவு நாளா மாட்டினது என்னவாம்?"

"அது திருடனுக்கு. இவரு பெரியவரு."

இவளோடு யார் பேசி ஜெயிக்க!

தெராவோகா வந்தார். பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கொடுத்தார், சோதனைக்கு வருகிறவர் வெறுங்கையோடு வரக்கூடாது என்று நினைத்திருக்கிறார். பாவம், அவருக்கும் கூச்சம். குளியலறையில் எட்டிப் பார்த்து, "பல்தேய்க்கிற பிரஷ் ரெண்டு. ஒண்ணு சின்னது. சரி, சரி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சவரக் கத்தி இருக்கிறதா என்று கேட்க வேண்டும், கேட்க வாய் வரவில்லை. தன் மோவாயைத் தடவிக் காட்டினார். "இல்லீங்க" என்றாள் தமாகி. அலமாரியைத் திறந்தார். உள்ளே தோகுஜியின் துணிகள் கடையில் மடித்து வைத்த மாதிரி அடுக்கியிருந்தன. தெராவோகா ரொம்ப நேரம் அதையே பார்த்தார். போட்ட துணிக்கும் போடாத துணிக்கும் வித்தியாசம் தெரியாதவரா அவர்? முகம் தெளிந்தது. எல்லாம் முடிந்தது என்று நானும் மூச்சு விட்டேன்.

கிளம்புவதற்காக வாசலுக்கு வந்தார். நாகி அவர் பின்னாலேயே தத்தித் தத்தி வந்தது. வாசல் படியில் குந்தி உட்கார்ந்து, அந்த ரப்பர் பூட்ஸைத் தட்டிக் கொடுத்து, "அப்பா" என்றது.

 தெராவோகா செருப்பில் பாதிக் காலை நுழைத்தவர் அப்படியே நின்றார்.

"பாப்பா என்ன சொல்லுது?" என்றார்.

"அப்பா" என்று இன்னொரு தரம் சொன்னது நாகி, காது கேட்காதவருக்குச் சொல்வது போல.

நான் ஏதோ சமாளிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் தமாகி தரையில் மண்டியிட்டுவிட்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக 'மன்னிச்சிருங்க' இல்லாமல் பேச்சை ஆரம்பித்தாள்.

"தினமும் சாயங்காலம் கதவைத் திறந்ததும் 'வந்துட்டோம்'னு நான் சத்தமாச் சொல்லுவேன். போலீஸ்காரர் சொல்லச் சொன்னாரு. வெளிய யாராவது நின்னா கேக்கட்டும்னு. உள்ள யாரும் கிடையாது. அங்க இருக்கிறது இந்த பூட்ஸ் மட்டும்தான். அதனால இவ, நான் இதுகிட்டதான் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டா. காப்பகத்துல மத்தப் பிள்ளைங்க சாயங்காலம் வீட்டுல அப்பா இருப்பாருன்னு பேசும். இவ வீட்டுல பெரிசா இருக்கிறது இதுதான். அதான்."

தெராவோகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். பிறகு குனிந்து பூட்ஸை எடுத்து உள்ளே பார்த்தார். உள்ளே காகிதம் திணித்திருந்தது, ஈரம் இழுக்கட்டும் என்று. "புத்தம் புதுசா வச்சிருக்கீங்கம்மா" என்று மட்டும் சொன்னார். மறுநாளே நகராட்சிக்குப் போய், அந்த வீட்டில் ஆண் இல்லை, இருந்ததற்கான அடையாளமும் இல்லை, இனி இது பற்றி அந்தப் பெண்ணைத் தொந்தரவு செய்தால் தான் பதவியை விட்டு விலகுவேன் என்று சொன்னாராம். விலகுவதற்குத்தான் அவர் எத்தனையோ வருஷமாகக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறார் என்றார் தோகுஜி. இருக்கட்டும், சொன்னார் அல்லவா!

சலுகை தப்பியது. நாகி காப்பகத்திலேயே இருக்கலாம். தமாகி அதற்கு முத்திரை குத்தப் போனபோது நானும் போனேன். குசுமோதோ எழுந்து நின்று வணங்கினான். அப்புறம் ஒரு தாளை நீட்டினான். அதில் எழுதியிருந்தது இதுதான்: கொடியில் இனி ஆண் துணி மாட்டக் கூடாது. ஆண் யாராவது வழக்கமாக வந்துபோக நேர்ந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்.

"வழக்கமான்னா எத்தனை தடவைங்க?" என்று தமாகி கேட்டாள். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அது எண்ணிக்கை இல்லீங்க. பார்க்கிறவங்களுக்கு வழக்கம்னு தோணுற அளவு."

"யாரு பார்க்கிறவங்க?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லீங்க."

தமாகி தாளை இன்னொரு தரம் படித்தாள். "நாளைக்கு எனக்கு யாரையாவது பிடிச்சுப்போச்சுன்னு வைங்க. முதல்ல அவர்கிட்ட சொல்லணுமா, உங்ககிட்ட சொல்லணுமா?"

குசுமோதோ தாளைப் புரட்டினான். அவன் காது சிவந்துபோயிற்று. அந்த ஒரு கேள்விக்காக அவளை அங்கேயே கட்டிப் பிடித்திருப்பேன். ஆனால் அடுத்த நிமிஷமே, "இப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சிருங்க" என்று சொல்லிக் காரியத்தைக் கெடுத்தாள். முத்திரை குத்திவிட்டு வெளியே வந்தோம். ஜெயித்துவிட்டோம் என்று நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் மாதம். எங்கள் கடற்கரையில் அந்த மாதம் இடியோடு மழை பிடித்தால் நாள் கணக்கில் விடாது. ஒருநாள் சாயங்காலம், கடையில் விளக்குப் போட்டாயிற்று, காப்பகத்திலிருந்து போன். நாகிக்குக் காய்ச்சல், உடனே வந்து அழைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு உடம்பு லேசாகச் சுட்டாலே போதும், அவர்கள் வைத்துக்கொள்ள மாட்டார்கள். இந்தத் தடவை நிஜமாகவே நல்ல காய்ச்சல். பஸ் அப்போதுதான் போயிருந்தது.

தோகுஜி அடுப்பை அணைத்துவிட்டு வண்டிச் சாவியை எடுத்தார். மீன் ஏற்றுகிற சின்ன லாரி, முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம். "ஏறும்மா, அஞ்சு நிமிஷத்துல போயிடலாம். அப்படியே டாக்டர்கிட்ட காட்டிட்டு வீட்டுல விட்டுடறேன்" என்றார்.

தமாகி குடையை எடுத்தவள் அப்படியே நின்றாள். "வேண்டாம் அண்ணா."

"என்னது?"

"வீட்டு வாசல்ல உங்க வண்டி நின்னா... உங்க பேரு நகராட்சித் தாள்ல எழுதியிருக்கு அண்ணா. மத்தவங்கன்னாகூடப் பரவாயில்ல. நீங்க மட்டும் வரவே கூடாது."

"பிள்ளைக்குக் காய்ச்சல்டி!" என்று கரடியாகக் கத்தினேன். "எவன் பார்த்தா நமக்கென்ன!"

"எனக்கு இருக்கேக்கா" என்றாள் தமாகி. குரல் உயரவில்லை. "இன்னொரு தடவை என்னால முடியாது. இடம் போயிடுச்சுன்னா போயிடுச்சு." சொல்லிவிட்டு மழையில் இறங்கி நடந்தாள்.

இவளை என்ன செய்வது! மேலங்கியோடு நானும் ஒரு குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன். காப்பகத்தில் நாகியை வாங்கி, தமாகி நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். அதன் மேல் அவளுடைய கோட்டு, அதற்கு மேல் இரண்டு குடைகள். பிள்ளையின் நெற்றி கொதித்தது. காற்று குடையைப் புரட்டிப் போட்டது. டாக்டர் வீட்டுக்குப் போய்விட்டு வெளியே வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. தண்டவாளத்தை ஒட்டி நடந்தோம். என் முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் உயிரை எடுத்தது. நகராட்சியை, குசுமோதோவை, ஒசாகாவில் யோசித்துக்கொண்டிருக்கிறவனை, எல்லோரையும் வாய்விட்டுத் திட்டிக்கொண்டே நடந்தேன். 

அவள் தெரு முனைக்கு வந்தபோது எங்கள் முன்னால் தரையில் வெளிச்சம் விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். தோகுஜி. லாரியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டிக்கொண்டு, எங்களுக்குக் குழி மேடு தெரியட்டும் என்று விளக்கைப் போட்டுக்கொண்டு, அவ்வளவு தூரமும் பின்னாலேயே வந்திருக்கிறார். கண்ணாடியை இறக்கித் தலையை மழையில் நீட்டினார்.

"வாசல் வரைக்கும் வெளிச்சம் காட்டுறேன். இறங்க மாட்டேன்" என்றார்.

அடுக்குவீட்டு ஜன்னல்களில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. மேல்தளத்தில் ஒரு திரை அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம். நான் வண்டியை நோக்கி ஓடினேன். முழங்கால் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"விளக்கை அணைங்க!" என்று அடிக்குரலில் சொன்னேன். "திரும்பிப் போங்க முதல்ல! யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

அவர் என்னையே பார்த்தார். பிறகு விளக்கை அணைத்தார். வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனார். நான் இருட்டில் தட்டுத் தடுமாறித் தமாகியிடம் வந்தேன். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, குனிந்து, சாவித் துவாரத்தைக் கையால் தடவித் தேடிக்கொண்டிருந்தாள்.